மாறிப்போன பட்டன் செல்

என் கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் என் இரண்டு தையல் மெஷின்கள். அந்தப் பக்கம் பழைய வீடியோ கேம்களைப் பழுது பார்க்கும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. தடுப்பு கூரைவரை போகாது. அதனால் அவர்கள் வீட்டில் பால் பொங்கினாலும் எனக்குத் தெரியும், சண்டை பொங்கினாலும் தெரியும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காதைப் பொத்திக்கொண்டா துணி தைக்க முடியும்?

அவருக்குத் தெருவில் டாக்டர் என்று பட்டம். எந்த கேம் மெஷினைக் கொண்டு வந்தாலும் முதலில் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பார், அதில் வந்த பட்டம். உண்மையான வைத்தியமெல்லாம் அவர் மனைவிதான். அவளைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான், ஆனாலும் எனக்கும் அக்கா. ஊர் வாயில் விழுந்த பெயரை நான் ஒருவன் மாற்ற முடியுமா?

அக்காவிடம் அதிகம் வருவது கேசட் வேலை. அந்தக் காலத்து கேம் கேசட்டுக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி, பட்டன் செல், இருக்கும். ஆடியவர் எதுவரை ஆடினார், என்னென்ன சேர்த்து வைத்தார் என்பதெல்லாம் அந்தச் செல் உயிரோடு இருக்கும் வரைதான். செல் படுத்துவிட்டால் அத்தனையும் துடைத்த மாதிரி போய்விடும். சாதா செல் போட்டால் பல வருஷம் தாங்கும், அப்புறம் மறுபடி பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கே பயப்படுகிறவர்களுக்கு அக்கா வேறு ஒன்று செய்து கொடுப்பாள். சார்ஜ் ஏறுகிற செல்லை வைத்து, மெஷினிலிருந்து அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் போக போர்டில் வழி பண்ணிவிடுவாள். ஆட ஆட அதுவே நிரம்பிக்கொள்ளும். மறுபடி திறக்கவே வேண்டாம்.

இரண்டு வகைச் செல்லும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேல்பக்கத்து எழுத்தில்தான் வித்தியாசம். கம்பி பற்றவைத்து மஞ்சள் டேப் சுற்றியதும் அந்த எழுத்தும் மறைந்துவிடும். அதனால் சார்ஜ் ஏறும் செல்லுக்கு அடிப்பக்கம் டாக்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். அக்கா அதை போர்டில் வைக்கும் முன் “புள்ளி?” என்று கேட்பாள். “எழுத்தும் பாத்துட்டேன்” என்று அவர் சொன்ன பிறகுதான் ஈயம் உருகும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது இந்தக் கேள்வியும் பதிலும் தடுப்பைத் தாண்டி என் காதில் விழும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஊசி பிடிக்கிற விரலெல்லாம் வியர்த்தது. பத்து மணிக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்து கேசட்டை மேஜைமேல் வைத்தார்.

“இனிமே கவலையே வேண்டாம்னு சொன்னீங்க. அஞ்சு மாசத்துல எல்லாம் போச்சு. நாப்பது மணி நேரம் ஆடினது. என் பொண்டாட்டி சிரிக்கிறா.”

“இருக்காதே சார், புதுச் செல்லாச்சே” என்று டாக்டர் கேசட்டை எடுத்து வழக்கம்போல் காதருகே ஆட்டினார்.

அக்கா அதைப் பிடுங்கித் திருகைக் கழற்றினாள். மஞ்சள் டேப்பை உரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கத்திரியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

“என்னங்க, இந்த எழுத்தைப் படிங்க.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “இது சார்ஜ் ஏத்துற செல்லு.”

“சாருக்கு நான் சாதா செல்லுதானே போட்டேன். சார்ஜ் போற வழியே இதுல வைக்கலியே.”

“அதான் வத்திப்போச்சு. கடையில வர்றப்பவே பாதிதான் நிரம்பியிருக்கும். மாத்திப் போட்டுட்டே.”

“நான் மாத்தலை. இதுல புள்ளியே இல்லை, திருப்பிப் பாருங்க.”

வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். பாவம், அவர் இழந்தது இழந்ததுதான். அவர் படியிறங்கியதும் அக்கா வேலைகளைக் குறித்து வைக்கும் நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் இரண்டே கேசட். ஒன்று வாத்தியாருடையது. இன்னொன்றுக்கு எதிரே ‘அண்ணன்’ என்று எழுதியிருந்தது.

வாத்தியாருக்குப் போக வேண்டிய சாதா செல், சார்ஜ் ஏற வழி வைத்த இன்னொரு கேசட்டுக்குள் போயிருக்கிறது. சாதா செல்லுக்குள் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றினால் அது வீங்கும், கசிந்து போர்டை அரிக்கும். கெட்ட நேரமென்றால் வெடிக்கவும் செய்யும். ஆட ஆட அதற்கு ஆபத்து. ஐந்து மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

“அன்னிக்கு நீ ‘புள்ளி?’ன்னு கேக்கவே இல்லை” என்றார் டாக்டர்.

“உங்களோட பேசினாத்தானே கேக்க.”

எனக்கும் அந்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை பார்த்த நாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல், நான் நிம்மதியாக நான்கு சட்டை தைத்து முடித்தேன். அந்த நிம்மதிக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று யார் கண்டது?

அன்றைய சண்டையே அந்தக் கேசட்டை வைத்துத்தான். அக்காவின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மனைவியோடு ஒத்துப்போகாமல் பிரிந்து இரண்டு வருஷம். பதினைந்து வயதில் ஒரே மகள், தாயோடு இருக்கிறாள். அப்பா போன் செய்தால் “ம்”, “இல்ல”, “தெரியாது” என்ற மூன்று வார்த்தைக்கு மேல் நான்காவது வராது. ஆனால் சின்ன வயதில் அப்பனும் மகளும் சேர்ந்து ஆடிய ஒரு கேம் இருந்தது. ஒரு தீவு, அதில் ஒரு வீடு, மரம் நடலாம், மீன் பிடிக்கலாம். ஒருவர் ஆடிவிட்டு அடுத்தவருக்கு அந்த வீட்டில் கடிதம் எழுதி வைக்கலாம். பிரிந்த பிறகு அந்தக் கேசட் ஒரு வாரம் இவரிடம், ஒரு வாரம் அவளிடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கை மாறும். லாரியில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் இவர் தன் பழைய கை மெஷினில் போட்டு ஆடுவார்.

“இதுக்குள்ள செல்லு என்னைக்காவது போயிட்டா நான் போயிட்டேன்னு வெச்சுக்க. திறக்கவே வேண்டாத மாதிரி பண்ணிக் குடு” என்று தங்கையிடம் கொண்டு வந்தார். “பெத்த பொண்ணோட பேச வாய் இல்லையா, அதுக்கொரு கேசட்டா?” என்று டாக்டர் சும்மா இருக்காமல் சொல்லிவைக்க, அவர் போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த மௌனம்.

லாரிக்காரர் என்னிடமும் கடிதங்களைக் காட்டுவார். மெஷினைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி, படிக்கச் சொல்லி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ‘நீங்க நட்ட மரத்துல காய் வந்திருக்குப்பா. நான் பறிக்கல. நீங்க வந்து பறிங்க.’ இன்னொன்றில், ‘தூக்கம் வந்தா ஓரமா நிறுத்துங்க. சரக்கு ஒரு மணி நேரம் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகிடாது.’

“நேர்ல வாயே திறக்க மாட்டா மாஸ்டர். இதுல பாருங்க, என்ன அக்கறைன்னு” என்பார். அப்போது அவர் குரல் தழைந்துவிடும். நான் ஏதாவது கிண்டல் பண்ணலாம் என்று வாயெடுத்து அடக்கிக்கொள்வேன்.

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. டாக்டர் முட்டை அவித்து ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தது அப்படியே காய்ந்தது. கேசட் இந்த வாரம் மகள் வீட்டில். அண்ணிக்கு ஐந்து தடவை போன் போட்டாள், எடுக்கவில்லை.

“குட்டி ஸ்கூல் முடிஞ்சு நாலரைக்கு வந்துடுவா. வந்ததும் மெஷினை எடுத்து உக்காந்தான்னா?” என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியாது. “கையில வெச்சிருக்கப்ப வெடிச்சுதுன்னா? கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சுத்தானே ஆடுவா.”

“அவ்வளவு மின்சாரம் போகாது. அதைக் குறைக்க ரெசிஸ்டர் வெச்சிருக்கியே” என்றார் டாக்டர்.

“அப்ப கசியும். மெமரி போகும். அண்ணன் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?”

“அவர்கிட்ட இப்பவே சொல்லிடலாமே.”

“மலைப் பாதையில வண்டி ஓட்டிட்டிருக்கிற மனுஷன்கிட்ட இதைச் சொல்லணுமா? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க.”

டாக்டரால் அண்ணி வீட்டுக்குப் போகவும் முடியாது. பிரிவதற்கு முன் பெரியவர்கள் கூடிப் பேசிய இடத்தில், “ரெண்டு பேரும் பிரிஞ்சா ரெண்டு பேருக்கும் நிம்மதி” என்று சொன்னவர் இவர். அதை அந்த அண்ணி மறக்கவில்லை. மறக்கிற பேச்சா அது?

“மாஸ்டர், நீங்க கூட வர்றீங்களா? அண்ணிக்கு உங்க மேல மரியாதை உண்டு.”

மரியாதை என்பதெல்லாம் பெரிய வார்த்தை. வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டுகளை எட்டு வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். சரி என்று கடையைச் சாத்தினேன். அக்கா சாப்பாட்டுப் பையில் சூட்டில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், ஈயம், சின்ன இடுக்கி, திருப்புளி எல்லாம் அடுக்கினாள். கடைசியாகச் சார்ஜ் ஏறும் செல் ஒன்றை எடுத்து எழுத்தைப் படித்தாள், டாக்டரிடம் நீட்டினாள், அவர் படித்தார், என்னிடமும் நீட்டினாள். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் படித்து, “சரிதான்” என்றேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அக்கா நின்றுகொண்டே வந்தாள். நாலாவது மாடி. லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டியது.

அண்ணி கதவைத் திறந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்போதுதான் வந்திருப்பார் போல, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அக்காவைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“இந்த வீட்டுக்கு வழி தெரியுமா உங்களுக்கு?”

“அண்ணி, போன் பண்ணினேன்…”

“வேலையில இருந்தேன். வாங்க மாஸ்டர், உள்ள வாங்க” என்று என்னைத்தான் கூப்பிட்டார். என் பின்னாலேயே அக்காவும் நுழைந்தாள்.

மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். “வாங்க அத்தை” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கையில் கேம் மெஷின் இல்லை என்றதும் அக்காவுக்கு மூச்சே வந்தது.

“குட்டி, அந்தக் கேசட் எங்கே? கொஞ்சம் வேணுமே.”

“எதுக்கு?” என்று கேட்டது அண்ணி.

“செல்லு மாத்தணும்.”

“வெள்ளிக்கிழமை உங்க அண்ணன் வாங்கிட்டுப் போவாரு. அப்ப மாத்திக்கோங்க. திறக்கவே வேண்டாம்னுதானே பண்ணிக் குடுத்தீங்க?”

அக்கா பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. “தப்பு என்னோடது அண்ணி. வேற செல்லைப் போட்டுட்டேன். அது உள்ள வீங்கியிருக்கும். இன்னும் ஆடினா எல்லாம் போயிடும், கையில காயம்கூடப் படலாம். அண்ணனுக்கு இன்னும் தெரியாது.”

அண்ணியின் முகத்திலிருந்த இறுக்கம் போய் வேறொன்று வந்தது. பயம் என்றுதான் எனக்குப் பட்டது. அப்போது அது எனக்கு விளங்கவில்லை. அவருக்கென்ன பயம் இதில்?

மகள் எழுந்து தன் அறைக்குப் போனாள். இழுப்பறையை இழுக்கும் சத்தம், மூடும் சத்தம். “இங்கதானே இருந்துச்சு” என்று வெறுங்கையோடு வந்தாள். அண்ணி சமையலறைக்குப் போய், ரொட்டி டப்பாவுக்குப் பின்னாலிருந்து மெஷினை எடுத்து வந்தார். கேசட் அதிலேயே இருந்தது.

அக்கா சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துக் கேசட்டைப் பிரித்தாள். மூடி தானாகவே மேலே எழும்பியது. செல் நடுவில் புடைத்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, டேப்பை நனைத்திருந்தது. இனிப்பாக ஒரு மாதிரி வாடை வந்தது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னும் உயிர் இருக்கா பாக்கணும். குட்டி, இதை இப்படியே மெஷின்ல சொருகுறேன். நீ சேவ் பண்ணினதைத் திறந்து காட்டு.”

மகள் மெஷினை வாங்கினாள். ஒரு பொத்தானை அமுக்கினாள், திரும்ப வந்தாள், வேறொன்றை அமுக்கினாள். ‘புது ஆட்டம் தொடங்கவா?’ என்று திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு அக்கா அரண்டு போனாள்.

“அய்யோ, அதை அமுக்காத.”

அண்ணி சட்டென்று குனிந்து மகள் கையிலிருந்து மெஷினை வாங்கினார். பார்க்காமலே கட்டைவிரல் இரண்டு தரம் கீழே போனது, ஒரு தரம் பக்கத்தில் போனது. தீவு வந்தது. கதவு திறந்தது. வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. இத்தனை வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிற என் கால்கூட இவ்வளவு பழக்கமாகப் போகாது.

மெஷினிலிருந்து சின்னதாக ஒரு பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“நான் ஆடி ரொம்ப நாளாச்சு அத்தை” என்றாள் மகள். “போரடிச்சிடுச்சு. அம்மாதான் செடியெல்லாம் காஞ்சிடும்னு தண்ணி ஊத்துறாங்க.”

“மெஷின் லைட்டு மங்கலா எரியுது. பாதியில நின்னுடும்” என்றார் அண்ணி, யாரையும் பார்க்காமல். “கீழ கடையில போய் நாலு பேட்டரி வாங்கிட்டு வா.”

மகள் செருப்பு சத்தம் படியில் தேயும் வரை அக்கா காத்திருந்தாள்.

“தண்ணி மட்டும்தான் ஊத்துனீங்களா அண்ணி?”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். “மொதல்ல அவதான் எழுதிட்டிருந்தா. போன வருஷம் பரீட்சை சமயத்துல விட்டுட்டா. ரெண்டு முறை லெட்டர் இல்லாமப் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை அவரு வந்து வாசல்ல நின்னப்ப பாத்தேன். நோயாளிங்க ரிசல்ட்டை வாங்க நிப்பாங்களே, அந்த மாதிரி நின்னாரு. அடுத்த முறை கேசட் இங்க வந்தப்ப நான் ஒண்ணு எழுதினேன். அப்புறம் நிறுத்த முடியலை.”

“அண்ணனுக்குத் தெரிஞ்சா…”

“இதை வாங்குறதுக்கும் குடுக்குறதுக்கும்தான் வர்றாரு. அந்த அஞ்சு நிமிஷமாவது அவ முகத்தைப் பாக்குறாரு, சாப்டியான்னு கேக்குறாரு. இது இல்லைன்னா வர மாட்டாரு. உங்க அண்ணனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? ரோஷக்காரரு.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும்தான். எதிர்ல நின்னு ஒரு வார்த்தை நல்லதாப் பேச வராது. இதுல வருது” என்றார்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. நான் சன்னல் பக்கம் போய், எதிர்மாடியில் காய்ந்த துணிகளை எண்ணினேன்.

“சொல்லாதீங்க” என்றார் அண்ணி.

“சொல்ல மாட்டேன்.”

மகள் மூச்சு வாங்க வந்தாள். புதுப் பேட்டரி போட்டதும் லைட் பளிச்சென்று எரிந்தது. அண்ணி சேவ் பண்ணியதைத் திறந்து வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் வரை மெமரிக்கு அதிலிருந்தே மின்சாரம் போகும், அந்த நேரத்துக்குள் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிட வேண்டும். இடையில் போர்டு ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் போச்சு. அயர்னைச் சூடாக்கி, பிளக்கை உருவிவிட்டுத்தான் தொட வேண்டுமாம். இல்லையென்றால் அதிலிருந்து கசிகிற மின்சாரமே மெமரியைத் துடைத்துவிடும். அதனால் சூடு நிற்கிற ஒன்றரை நிமிஷம்தான் கையிருப்பு.

அக்கா அயர்னை எடுத்தாள். முனை நடுங்கியது. கீழே வைத்தாள், கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடி எடுத்தாள். இன்னும் நடுங்கியது.

“என்னால முடியலை அண்ணி.”

அண்ணி உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். “ஒரு நாளைக்கு அம்பது பேர் கையில ஊசி ஏத்துறேன். போர்டை நான் பிடிச்சுக்கிறேன், அசையாது. உங்க மணிக்கட்டை என் கை மேல வெச்சுக்கோங்க.”

நான் போன் டார்ச்சை அடித்தேன். அக்கா மணிக்கட்டை அண்ணியின் கைமேல் வைத்தாள். இரண்டு வருஷமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு பேர், அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள். செல்லைப் பிடித்திருந்த முதல் கம்பிக்கால் இளகியது. இரண்டாவது வரவில்லை, உப்பு பிடித்துக்கொண்டிருந்தது. அயர்ன் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். திரையில் கோடு கோடாக வந்தது. மகள் “அம்மா” என்றாள்.

“பாட்டு நிக்கலை. பண்ணுங்க” என்றார் அண்ணி.

செல் கழன்று துணியில் விழுந்தது. கோடுகள் மறைந்தன. ஊசி குத்துவதற்கு முன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு வீட்டில் இருந்தது, அதைக்கொண்டு உப்பைத் துடைத்தார்கள். அயர்னை மறுபடி சூடாக்கி, பிளக்கை உருவி, புதுச் செல்லை எடுத்ததும் அக்கா பழக்கத்தில் “புள்ளி?” என்றாள். “எழுத்தும் பாத்துட்டேன்” என்றேன் நான்.

எல்லாம் முடிந்தும் யாருக்கும் மெஷினை அணைக்க மனம் வரவில்லை. அணைத்து மறுபடி போட்டால்தான் தெரியும். அண்ணிதான் அணைத்தார். ஐந்து வரை எண்ணினார், வாய்விட்டு. போட்டார். கறுப்புத் திரை, அப்புறம் தீவு, மரம், வீடு. கடிதப் பெட்டிக்கு மேல் நாற்பத்திரண்டு என்ற எண் இருந்தது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நாப்பத்திரண்டா?” என்று மகள் மெஷினை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. “இதெல்லாம் நீயா எழுதுனே? தண்ணி ஊத்திட்டு சேவ் பண்ணுவேன்னுதானே நினைச்சேன்.”

அண்ணி கையுறையைக் கழற்றிக்கொண்டே, “டீ போடுறேன். எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க” என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

மகள் மெஷினோடு சோபாவின் மூலைக்குப் போனாள். மீன் பிடிப்பது எப்படி என்பதுகூட மறந்திருந்தது. டீ ஆறி ஆடை கட்டும் வரை போராடி, விரலளவு மீன் ஒன்றைப் பிடித்தாள். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஏதோ எழுதினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கேசட் கை மாறியது. சனிக்கிழமை முற்பகல் லாரிக்காரர் கடைக்கு வந்தார். எப்போதும் என் பக்கம் வந்து மெஷினை நீட்டுகிறவர், அன்று நேரே தங்கை மேஜைக்குப் போனார்.

“இதுக்குள்ள யாரோ கை வெச்சிருக்காங்க.”

எனக்கு ஊசி விரலில் ஏறியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருமினார்.

“செல்லு மாத்தினோம் அண்ணே. தப்பான செல்லைப் போட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை போய் மாத்திட்டு வந்தேன். என்னை மன்னிச்சிடு” என்றாள் அக்கா, ஒரே மூச்சில்.

“அது கிடக்கட்டும். லெட்டரைப் பாரு.” அவர் வாசித்தார். “‘மீன் பிடிச்சு வெச்சிருக்கேன். சின்னதுதான்.’ அவ்வளவுதான். எப்பவும் எழுதுற என் பொண்ணா இது? அவளா இருந்தா வண்டி பாத்து ஓட்டுங்க, சாப்பிடுங்கன்னு எத்தனை சொல்லியிருப்பா. இது அவங்கம்மா வேலை. அவளுக்குத்தான் எதையும் அளந்து பேசிப் பழக்கம். என் பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல இதுலயும் வந்து நுழையணுமா அவ?”

“அண்ணே…”

“இனிமே கேசட்டை நானே வெச்சுக்கிறேன். அந்த வீட்டுக்குக் குடுக்கப் போறதில்லை.”

அக்கா அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். சொன்னால் அண்ணிக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஒரு மணி நேரம் தேடித் தேடி எழுதியது போகும், வெள்ளிக்கிழமையும் போகும். அவள் தவிப்பு எனக்கு இந்தப் பக்கம்வரை தெரிந்தது. சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“அண்ணே, அதை எழுதினது குட்டிதான். நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். அந்த மீனைப் பிடிக்க அவ பட்ட பாடு எனக்குத் தெரியும்.”

“அப்போ இத்தனை நாளா வந்தது?”

அக்கா குனிந்து மேஜைமேல் கிடந்த திருகுகளைப் பொறுக்கினாள். டாக்டரும் வாய் திறக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

லாரிக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். அப்புறம் அதைப் போட்டு, கடிதப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஏழெட்டுக் கடிதம் படித்திருப்பார். ஓர் இடத்தில் நின்றுபோய், கைவிரலால் கண்ணை அழுத்திக்கொண்டார்.

பிறகு மெஷினை அணைக்காமலே தங்கையிடம் நீட்டினார்.

“செல்லு சரியா உக்காந்திருக்கான்னு இன்னொரு தடவை பாத்துடும்மா” என்றார். “இதுல ஒண்ணும் போயிடக் கூடாது.”